தரையைத் தொட்ட தர்ஷினி

பிள்ளைகளுக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுக்க என்னை மலேசியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று வீட்டில் சொன்னபோது, என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "உன்னையா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தின் மொத்த அபிப்பிராயமும் அதில் இருந்தது. நான் ரசம் ஊற்றாமல் எழுந்துவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் கம்பெனி ஈரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டுத் தொட்டு விளையாடும் கதைகளைச் செய்கிறோம். டேப்லெட்டில் ஒரு படம் வரும், ஒரு கேள்வி வரும், நாலு விடைகள் வரும். பிள்ளை எதைத் தொடுகிறதோ அந்தப் பக்கம் கதை போகும். கேள்வி கேட்பது ஒரு மஞ்சள் குருவி. ஆகவே சரக்கின் பெயர் 'கேள்விக் குருவி'. குருவிக்குக் குரல் கொடுத்திருப்பது எங்கள் முதலாளியின் மனைவி. முதலாளிக்கு வயது இருபத்தொன்பது. என்னை அக்கா என்பார். சம்பள உயர்வு கேட்டால் மட்டும் மேடம் என்பார். கதையும் கேள்வியும் எழுதுவது நான். பதினைந்து வருஷம் வகுப்பறையில் "வாய மூடு" என்று பிள்ளைகளை அதட்டிய எனக்கு, அதே பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைக்கும் உத்தியோகம் கிடைத்தது கலிகாலம்தான்.

கோலசிலாங்கூர் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. அங்கே நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினேழு பேரிடம் குருவியைப் பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் பெற்றோர் முன்னால் செய்து காட்ட வேண்டும். இதற்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை இருந்தது. குருவி கணக்குப்படி முதல் ஐந்து இடத்தில் வரும் பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு, சனிக்கிழமைதோறும், ஷா ஆலாமில் நடக்கும் அறிவியல் வகுப்புக்குக் கூட்டிப்போவார்கள். பஸ் பள்ளிக்கூட வாசலுக்கே வரும். யார் அந்த ஐந்து பேர் என்று குருவி சொல்ல வேண்டும். குருவிக்கு அவ்வளவு பெரிய பதவி.

முதல் நாள் காலை கோலசிலாங்கூரில் நான் தங்கியிருந்த விடுதி வாசலுக்குத் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார் கோமளா. அந்த வகுப்பின் ஆசிரியை. முப்பது வயதிருக்கும். கண்ணாடியை இறக்கியதும் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா அக்கா?"

எங்கள் ஊரில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. "டிபன் ஆச்சா?" என்போம். பசியாறுவது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே பசித்தது. விடுதியில் தந்த காய்ந்த ரொட்டியைத் தின்றிருந்ததை மறைத்து, இல்லை என்றேன். நேராக ஒரு கடைக்குப் போனோம். ரொட்டி சானாய் வந்தது. நம்ம பரோட்டாவின் சொந்தக்காரன்தான், வெளிநாடு வந்து கொஞ்சம் இளைத்திருக்கிறான். பக்கத்தில் பருப்பும் அல்லாத சாம்பாரும் அல்லாத ஒரு மஞ்சள் குழம்பு. நாலு ரொட்டி தின்றேன். கோமளா நாகரிகமாக இரண்டோடு நிறுத்திக்கொண்டு, "இன்னொன்னு சொல்லவா அக்கா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு விஷயத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வாட்சப் என்றேன், அவர் புலனம் என்றார். நான் வீடியோ என்றேன், அவர் காணொளி என்றார். தமிழ்நாட்டிலிருந்து தமிழ்ச் சரக்கு கொண்டுபோனவள் பேச்சில் பாதி இங்கிலீஷ். சரி, இந்த அம்மாள் பண்டிதை போலிருக்கிறது என்று பயந்தேன். அடுத்த நிமிஷமே, "அந்தக் கடையில பார்க்கிங் கெடைக்காது லா" என்று பார்க்கிங்கும் இந்த ஊர் 'லா'வுமாகப் பேசியதும் உயிர் வந்தது.

தோட்டத்துக்குள் திரும்பும் செம்மண் பாதையில் எங்களுக்கு முன்னால் ஒரு லோரி போய்க்கொண்டிருந்தது. லாரிதான், இங்கே லோரி. அதில் கூரை உயரத்துக்குச் செம்பனைக் குலைகள். ஒவ்வொன்றும் ஒரு கைப்பிள்ளை கனம் இருக்கும், முள்ளும் முடியுமாக. பள்ளத்தில் லோரி ஒரு குதி குதித்தது. மேலிருந்த குலை ஒன்று நழுவி எங்கள் காருக்கு ஒரு முழம் முன்னால் தொப்பென்று விழுந்து, நாலா பக்கமும் பழங்கள் சிதறின. கோமளா பிரேக்கை மிதித்தார். என் மடியிலிருந்த மடிக்கணினி காலடிக்குப் போனது.

லோரி அதுபாட்டுக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் ஆள், வண்டியைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி, சாக்கு ஒன்றை உதறிக்கொண்டு இறங்கினார். குலையைத் தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு உட்கார்ந்து, சிதறிய பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். வேகமாகப் பொறுக்கினாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றையும் ஊதி, மண் தட்டி, சாக்கில் போட்டார்.

நான் கண்ணாடியை இறக்கினேன். "ஏங்க, குலைதான் கெடச்சிருச்சே, வழிய விடுங்க! நாலு கொட்டைக்கு இவ்வளவு நேரமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "ஒரு நிமிசம் இருங்கக்கா. இந்த உதிரிலதான் எண்ணெய் இருக்கு."

"நல்லா இருக்குங்க நியாயம்" என்று முனகிக்கொண்டு கண்ணாடியை ஏற்றினேன். கோமளா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் போயிற்று.

பள்ளிக்கூடம் அழகாக இருந்தது. நாலு வகுப்பறை, ஒரு கொட்டகை, சுவரெல்லாம் வண்ணம். நுழைந்ததும் பெரிய எழுத்தில் 'உயர்நிலைச் சிந்தனை' என்று ஒரு பலகை, அதன் கீழே 'இங்கே சாயாதீர்' என்று ஒரு சின்னப் பலகை. எங்கள் சார்ஜர் எதுவும் அங்கிருந்த துளைகளில் நுழையவில்லை. தலைமையாசிரியர், கழுத்தில் விசிலோடு திரிந்த பெரியவர், சிற்றுண்டிச் சாலைக்கு ஓடிப்போய் சோறு ஆக்கும் குக்கரில் மாட்டியிருந்த அடாப்டர் செருகியைக் கழற்றிக்கொண்டு வந்தார். குருவி சார்ஜ் ஏறியது. அன்றைக்கு ஆசிரியர்களுக்குச் சோறு அரைமணி நேரம் தாமதம்.

பிள்ளைகளோடு பழக வேண்டுமே என்று, ஷா ஆலாம் வகுப்புக்கு ஏன் போக ஆசை என்று கேட்டேன். பேரங்காடி போகலாம், பஸ்ஸில் ஏசி இருக்கும், கோழி பொரித்தது வாங்கித் தருவார்கள் என்று வரிசையாக உண்மை வந்தது. கடைசி மேசையில் இரட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்த பெண் மட்டும், "அங்க டிரோன் விடச் சொல்லிக்குடுப்பாங்களாம் டீச்சர்" என்றாள்.

"டிரோன் வச்சு என்ன பண்ணுவ?"

"மேலேருந்து குலையப் பாக்கணும். எங்கப்பா மண்டோரு. எந்த மரத்துல வெட்டணும்னு நாள் பூரா அண்ணாந்து பாத்துக்கிட்டே போவாரு. ராத்திரி கழுத்து வலி தாங்காம தைலம் தேச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. டிரோன் இருந்தா அவரு குனிஞ்சே பாக்கலாம்ல?"

மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலையாட்களை மேய்ப்பவர். கோமளா என் காதருகில், "பேரு தர்ஷினி. காலையில நீங்க சண்ட போட்டீங்களே, அவருதான் அப்பா" என்றார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஊருக்குள் இருக்கும் குன்றுக்குப் போனேன். அங்கே வெள்ளி நிறக் குரங்குகள் உண்டு, சாதுவானவை என்றார்கள். சாதுதான். ஒன்று மரியாதையாக என் தோளில் ஏறி, மரியாதையாக என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, என் மாத்திரைப் பட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தது. எங்கள் ஊர்க் குரங்காக இருந்தால் பையோடு போயிருக்கும்.

இரண்டாம் நாள் பரீட்சை. பரீட்சை என்று சொல்லக் கூடாது, விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. பத்துப் படங்கள். தவறாகத் தொட்டால் குருவி சொல்லும்: "கொஞ்சம் கவனமாகப் பாருங்கள், செல்லம்!" இந்தச் 'செல்லம்' ஈரோட்டில் எடுபடும். இங்கே முதல் செல்லத்துக்கே வகுப்பு உருண்டு சிரித்தது. அதன்பின் பிள்ளைகள் பென்சில் கேட்பதுகூட, "பென்சில் குடு, செல்லம்" என்றுதான்.

முதல் வரிசையில் பவித்ராவும் அவள் கூட்டாளிகள் நாலு பேரும் மழை மாதிரிச் சரியான விடையைப் பொழிந்தார்கள். என் எழுத்துக்கு இப்படி ஒரு வாசகர் கூட்டமா என்று நெஞ்சு நிமிர்ந்தது. கடைசி மேசையிலிருந்து மட்டும் செல்லம், செல்லம் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

போய்ப் பார்த்தேன். தர்ஷினி விடைகளை விட்டுவிட்டுப் படத்தில் கண்ட இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கேக்கைத் தின்றது யார் என்ற படத்தில், பூனையின் காலை. வெள்ளத்தில் பிள்ளை எப்படி ஆற்றைக் கடக்கும் என்ற படத்தில், எங்கள் ஓவியர் இடம் காலியாக இருக்கிறதே என்று மூலையில் வரைந்து வைத்த ஒரு தாத்தாவை. செம்பனைப் படத்தில் வெறும் தரையை.

அந்தச் செம்பனைப் படம் நான் பெருமையோடு செய்தது. மலேசியப் பிள்ளைகளுக்கு மலேசியக் கேள்வி வேண்டுமென்று, நெட்டில் நாலு படம் பார்த்து, டீ குடித்துக்கொண்டே எழுதியது. நாலு மரம், நாலு குலை: பச்சை, கறுப்பு, ஊதா, சிவப்பு. எதை வெட்டலாம்? சிவப்பு. இதற்கு மேல் எளிதாக ஒரு கேள்வி கேட்க முடியாது. இவள் என்னடாவென்றால் சிவப்புக் குலை இருந்த மரத்தடியில் விரலால் தட்டுகிறாள். தட்டிவிட்டுக் காத்திருக்கிறாள். மறுபடி தட்டுகிறாள்.

"வெளையாடாம படத்தப் பாரும்மா" என்றேன். குரலில் பழைய வாத்தியாரம்மா எட்டிப் பார்த்தாள்.

"படத்தத்தான் டீச்சர் பாக்குறேன்."

"அப்ப விடையத் தொடு."

அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நேரம் முடிந்து படம் தானாக மாறிவிட்டது.

விளையாட்டு முடிந்ததும் அறிக்கை தானே எழுதிக்கொண்டு, தானே முதலாளிக்கும் அறக்கட்டளைக்கும் பறந்துவிட்டது. அந்த வேகத்தை நாங்கள் விளம்பரத்திலேயே போட்டிருக்கிறோம். முதல் ஐந்து இடம் பவித்ரா வரிசைக்கு. பதினேழில் பதினேழாவது தர்ஷினி. அவள் பெயருக்கு எதிரே சிவப்பில் 'கவனச் சிதறல் மிக அதிகம்'. விடைக்கு வெளியே தொடுகிற ஒவ்வொரு தொடுதலையும் கவனச் சிதறலாக எண்ண வேண்டும் என்று விதி எழுதியதும் நான்தான்.

பள்ளி விட்டதும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "டீச்சர், நான் எத்தனாவது?"

"நாளைக்குத்தான் சொல்வாங்க" என்று புளுகினேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் மனசு ஆறாததற்கு என்ன செய்வது, குருவி தப்பாகவா சொல்லும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கப் படகில் கூட்டிப்போவதாகக் கோமளா சொல்லியிருந்தார். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. படகு கிடையாது என்று பலகை மாட்டிவிட்டார்கள். பக்கத்துக் கடையில் ஒதுங்கினோம். நண்டு சொன்னோம். மிளகாய்க் குழம்பில் முழு நண்டு வந்தது. அதை உடைக்க ஒரு சுத்தியலும் வந்தது. நான் உடைத்த முதல் கொடுக்கு அடுத்த மேசைச் சீனத் தாத்தாவின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துத் தின்றுவிட்டார்.

மழை விடுவதாக இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். பிள்ளைகள் எங்கெங்கே தொட்டார்கள் என்பதைப் படத்தின் மேல் புள்ளிகளாகப் பார்க்க ஒரு வசதி உண்டு. பவித்ரா கூட்டத்தின் புள்ளிகள் விடைகளின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. தர்ஷினியின் செம்பனைப் படத்தைத் திறந்தேன். கவனம் சிதறிய பிள்ளையின் புள்ளிகள் சிதறித்தானே இருக்க வேண்டும்? சிதறவில்லை. நாலு மரம். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு கொத்துப் புள்ளிகள். சிவப்புக் குலைக்கு நேர் கீழே கூடுதலாக.

"இந்தப் பொண்ணு தரையில எதத் தேடுறா?" என்று கோமளாவிடம் திருப்பிக் காட்டினேன்.

கோமளா நண்டுக் காலை வாயிலிருந்து எடுத்தார். "தெரியல லா அக்கா. நான் கிள்ளான் டவுன்ல பொறந்து வளந்தவ. மரத்தப் பத்தி எனக்கு என்னா தெரியும்?"

மூன்றாம் நாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே தர்ஷினியைப் பிடித்தேன். படத்தைக் காட்டி, தரையில் எதைத் தேடினாய் என்று கேட்டேன்.

"உதிரி டீச்சர்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில். "பழுத்திருந்தா பழம் கீழ உதுந்திருக்கும்ல? அதப் பாத்துத்தான் வெட்டுவாங்க. கலரப் பாத்து ஏமாறக் கூடாதுன்னு அப்பா சொல்வாரு. செல மரத்துல காயே செவப்பா தெரியும். நானும் புல்லு மறைச்சிருக்கோன்னு பாத்தேன், தொட்டா வெலகுமோன்னு தொட்டுப் பாத்தேன். ஒண்ணையும் காணோம். உதிரி இல்லாம எப்படி வெட்டச் சொல்றது?"

"பூனைக் காலை எதுக்கு தொட்ட?"

"கேக்கு ஒட்டியிருக்கான்னு பாக்கத்தான்."

"அந்தத் தாத்தா?"

"அவருதானே அங்க நிக்கிறாரு. ஆறு எங்க ஆழம்னு அவருகிட்ட கேட்டா போச்சு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த உதிரிப் பழங்களை முதல் நாளே பாதையில் என் கண்ணால் பார்த்தேன். ஓர் ஆள் மண்ணில் உட்கார்ந்து அதை ஊதி ஊதிப் பொறுக்கினார். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டேனா? ஹாரன் அடிக்காத குறையாகச் சத்தம் போட்டேன். நான்தான் கேள்விக் குருவியை எழுதியவள்.

போகிற போக்கில் பவித்ராவையும் கேட்டுவைத்தேன், எப்படிம்மா பத்துக்குப் பத்து என்று. அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். அந்தக் குருவி சரியான விடை இருக்குற பக்கம்தான் தலையத் திருப்பும்" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். சத்தியமாகத் திருப்புகிறது. பாழாய்ப்போன குருவி.

ஈரோட்டுக்குப் போன் போட்டேன். முதலாளி அப்போதுதான் எழுந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, அருமையான ஃபீட்பேக். அடுத்த மாசம் சரி பண்ணிடலாம். இன்னைக்கு டெமோ முடியட்டும், பேரை வாசிக்கட்டும், நீங்க வாயே திறக்காதீங்க. அந்தச் செம்பனைப் படத்த மட்டும் காட்டிறாதீங்க" என்றார்.

"அந்தப் பொண்ணு கடைசில இருக்குங்க."

"ஒரு பொண்ணுதானே மேடம்" என்றார்.

மேடம் என்றதும் புரிந்துகொண்டேன். எனக்குப் பையன் காலேஜ் முதல் வருஷம், வீட்டுக் கடன் வேறு. வாயைத் திறப்பதில்லை என்றுதான், வெட்கத்தோடு சொல்கிறேன், முடிவு செய்தேன்.

பத்து மணிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. வேலைச் சட்டையோடு வந்த அப்பாக்கள், ராவாங் பக்கத்துத் தொழிற்சாலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த அம்மாக்கள். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸும் வடையும் ஒரே தட்டில் வந்தன. முன் வரிசையில் அறக்கட்டளைத் தலைவர். டத்தோ பட்டம் வாங்கியவர், எல்லாரும் டத்தோ என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் ஐந்து பெயர் எழுதிய தாள். நான் பெரிய தொடுதிரையில் ஆபத்தில்லாத இரண்டு படங்களைக் காட்டி, கைதட்டல் வாங்கி, மூட்டை கட்டப் போனேன்.

"செம்பனைப் படம் ஒண்ணு இருக்குன்னு எழுதியிருந்தீங்களே?" என்றார் டத்தோ. "தோட்டத்து ஆளுங்க வந்திருக்காங்க. அதப் போடுங்கம்மா. நம்ம மண்டோரே வந்து தொடட்டும்."

அறக்கட்டளைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் அந்தப் படத்தைப் பற்றி ஒரு பக்கம் பீற்றிக்கொண்டிருந்தவளும் நான்தான். போட்டேன். எல்லாரும் சேர்ந்து ஓர் ஆளை முன்னால் தள்ளிவிட்டார்கள். முதல் நாள் பாதையை மறித்த அதே மோட்டார் சைக்கிள்காரர். பெயர் குணா. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து லேசாகச் சிரித்தார். குருவி கேட்டது: எதை வெட்டலாம்?

அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாலு குலையையும் பார்த்தார். பிறகு நாலு மரத்தடியையும் பார்த்தார். சிவப்புக் குலைக்குக் கீழே தரையைத் தொட்டார்.

"கொஞ்சம் கவனமாகப் பாருங்கள், செல்லம்!"

கொட்டகை அதிர்ந்தது. அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி தரையைத் தொட்டார். மறுபடி செல்லம். மூன்றாவது செல்லத்துக்கு அவர் சிரிக்கவில்லை, காது சிவந்துவிட்டது.

"அண்ணே, படத்தப் பாத்துச் சொல்லுங்க லா" என்றார் டத்தோ.

"படத்தப் பாத்துத்தான் சொல்றேன் டத்தோ. இதுல எதையும் வெட்ட முடியாது. கீழ ஒரு உதிரி இல்ல. இதப் போயி வெட்டி ஏத்தினா மில்லுக்காரன் திருப்பி என் தலைல போடுவான்."

பின்னாலிருந்து நாலைந்து குரல், "ஆமா லா, சரிதானே" என்றது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தர்ஷினியைப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில், அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்களை ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணன் சொன்னதுதான் சரி" என்றேன். "தப்பு என்னுது. நான் செம்பனை மரத்த முந்தாநேத்துதான் மொதமொதல்ல நேர்ல பாத்தேன். அதுக்கு முன்னாடியே கேள்வி எழுதிட்டேன். நேத்து உங்க பொண்ணும் இதே எடத்தத்தான் தொட்டா. நான் வெளையாடாதன்னு சொல்லி, பதினேழு பேர்ல கடைசியாப் போட்டுட்டேன்."

தலைமையாசிரியர் விசிலை வாயில் வைத்து, எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் எடுத்தார். டத்தோ கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அப்ப இந்த அஞ்சு பேரு?"

பவித்ரா முகத்தில் ஈயாடவில்லை. நான் குருவியின் கழுத்து ரகசியத்தைச் சபையில் சொல்லவில்லை. அதைக் கவனித்துக் கண்டுபிடித்ததும் யோசனைதானே. "அவங்க கெட்டிக்காரங்கதான் டத்தோ. ஆனா இவள விட்டுட்டுப் போகாதீங்க" என்றேன்.

"பஸ்ல ஆறாவது சீட்டு இருக்கத்தான் செய்யிது" என்று தலைமையாசிரியர் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

டத்தோ திரையைத் திரும்பிப் பார்த்தார். "சரி. அந்தப் பொண்ணு வந்து செஞ்சி காட்டட்டும். தரையத் தொட்டா ஏத்துக்குற மாதிரி மாத்துங்க பாப்போம்."

மடிக்கணினியில் படத்தைத் திறந்து, நாலு மரத்தடியைச் சுற்றியும் ஒரு கட்டம் இழுத்தேன். இனி தரையைத் தொட்டால் குருவி அதட்டாது. இதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஈரோட்டில் ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற காரியம். குருவி பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எழுதத்தான் நேரமில்லை; எழுதவும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

தர்ஷினி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் படத்தை ஒரு தரம் முழுக்கப் பார்த்தாள். எட்டி, சிவப்புக் குலைக்குக் கீழே தரையில் விரலை வைத்தாள்.

குருவி வாயைத் திறந்தது. செல்லம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. திறந்த வாய் திறந்தபடி நின்றது. கொட்டகையில் எல்லாரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னாச்சு, ஹேங் ஆயிருச்சா?" என்றார் டத்தோ.

"இல்ல டத்தோ" என்றாள் தர்ஷினி, விரலை எடுக்காமல். "இப்பதான் யோசிக்குது."

முதலில் சிரித்தவர் அவள் அப்பா. பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, என் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, டத்தோ சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, "ஒன் முழுப் பேரு என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.